கையை எடுங்க

பொருட்காட்சியில் மோதி விளையாடும் கார்களில் என் கணவர் ஏறினால் மகளுக்குச் சிரிப்புத் தாங்காது. எதிரே ஒரு வண்டி இடிக்க வருகிற நேரத்தில் அவர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் மார்போடு கட்டிக்கொள்வார். பொடிசுகள் எல்லாம் அவரை இடித்துத் தள்ளிவிட்டுப் போகும். அப்பாவுக்கு ஓட்டவே தெரியவில்லை என்று அவள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். அவள் அப்பா லோகேஸ்வரன் பதினாறு வருடமாக ரேஸ் ஓட்டுகிறவர்.

அது பயம் இல்லை, பழக்கம். ரேஸ் காரின் முன்சக்கரம் எதிலாவது மோதினால் அந்த அடி நேராக ஸ்டியரிங்குக்கு வரும். அது சுழன்று, பிடித்திருக்கிற கையின் கட்டைவிரலை முறிக்கும், மணிக்கட்டைத் திருகிவிடும். அதனால் இனித் தப்ப வழியில்லை என்று தெரிந்த நொடியில் ஓட்டுகிறவர் கையை எடுத்துவிட வேண்டும். அவர் மறந்தாலும் ரேடியோவில் இருக்கும் இன்ஜினியர் "கையை எடு" என்று கத்துவார். லோகேஸ்வரனின் காருக்கு அந்த இன்ஜினியர் நான்தான்.

ரேடியோவில் நாங்கள் புருஷன் பெண்டாட்டி கிடையாது. அவர் பதினொன்று, அது கார் எண். நான் பிட், அது தடத்தோரம் அணிகள் நிற்கிற கொட்டகை. அந்தப் பேச்சு எல்லா அணிக்கும் கேட்கும் என்பதால் அப்படி ஒரு கட்டுப்பாடு. ஒரே ஒரு தடவை வாய் தவறி மாமா என்று கூப்பிட்டுவிட்டேன். அந்தப் பருவம் முழுக்க எங்கள் தலைமை மெக்கானிக் கனகராஜ் அண்ணன், டயர் சூடாகிவிட்டதா என்று கேட்பதற்குக்கூட மாமா போட்டுத்தான் கேட்டார்.

இனி அரண் பற்றிச் சொல்ல வேண்டும். பல்லடத்துக்குத் தெற்கே காற்றாலைகளுக்கு நடுவில் இருக்கிறது எங்கள் ரேஸ் தடம். சில வருடங்களுக்கு முன் அங்கே ஒரே பருவத்தில் மூன்று பேர் செத்தார்கள். மூன்றாவது பையனின் அம்மா டிவியில் அழுததை நாடே பார்த்தது. அதற்குப் பிறகுதான் எல்லா ரேஸ் காரிலும் அரண் இருந்தாக வேண்டும் என்று சட்டம் வந்தது. அது ஒரு கறுப்புப் பெட்டி. சுற்றிலும் பார்க்கும், கார் எதிலாவது மோதப்போகிறது என்று தெரிந்தால் ஸ்டியரிங்கைத் தானே பிடுங்கித் திருப்பிவிடும். மனுஷக் கையால் அதை எதிர்த்து ஜெயிக்க முடியாது. கம்பெனி முதலாளி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எங்கள் தடத்தின் நடுவில் நின்று காட்டினார். கார் நூற்றைம்பதில் அவர் மேல் வந்து, கடைசியில் விலகிப் போனது. அவர் தலைமுடி மட்டும் கலைந்தது. நாங்கள் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினோம்.

கார் மோதவே மோதாது என்று ஆன பிறகு புத்திசாலிகளுக்கு வேலை வந்தது. வளைவுகளில் காரை இழுத்து நிறுத்துவதற்காகக் கொட்டியிருந்த சரளையை அள்ளிவிட்டு, கான்கிரீட் போட்டு நாற்காலி போட்டார்கள். டயர் அடுக்குகளைப் பிரித்து விற்றார்கள். மீட்புக் குழுவில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். மிச்சமிருந்தது ஐந்தாம் வளைவில் இருக்கும் டயர் அடுக்கும் அதன் முன்னால் கொஞ்சம் சரளையும். அது தப்பியதற்கும் காரணம் உண்டு. அந்த அடுக்கு எத்தனையோ பேர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் மெக்கானிக்குகள் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைப்பார்கள். அதில் கை வைத்தால் மறுநாள் ஒருத்தன் ஸ்பேனரைத் தொட மாட்டான் என்று கனகராஜ் அண்ணன் சொல்லிவிட்டார். சாமி குத்தம் எதற்கு என்று முதலாளிமார் விட்டுவிட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை வெறும் பயிற்சி ஓட்டம்தான். ஆனி மாதக் காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தது. உடுமலையில் சொந்தத்தில் ஒரு வளைகாப்பு முடித்து நேராக வந்திருந்தேன், உடை மாற்ற நேரமில்லை. பச்சைப் பட்டுச் சேலை, அதன் மேல் ஹெட்போன். பச்சைக் கொடியே வந்தாகிவிட்டது, வண்டியை விடலாம் என்று கனகராஜ் அண்ணன் கேலி செய்தார். என் கணவரும் சிரித்துக்கொண்டேதான் ஹெல்மெட்டை மாட்டினார்.

மதியத்துக்குப் பிறகு ஒரு சுற்றில் அவர் குரல் வந்தது.

"பிட், கால எடுத்துட்டன். வண்டி இழுத்துட்டே போகுது."

மின்சாரக் கார். மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை வெட்டுகிற சுவிட்ச் உள்ளேயே உருகி ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் மோட்டார் ஓடும். நாங்கள் வெளியிலிருந்து அணைக்கிற பொத்தானும் அதே சுவிட்சைத்தான் தட்டும், அதனால் அதுவும் செத்தது. பிரேக்கை அழுத்தச் சொன்னேன். அழுத்தினார். மோட்டாரோடு மல்லுக்கட்டியதில் இரண்டு சுற்றில் பிரேக் கருகிப் புகை வந்தது. அதன் பிறகு பெடல் தரையைத் தொட்டது, வேகம் நூற்றெழுபதிலேயே நின்றது. மற்ற கார்களை எல்லாம் உள்ளே கூப்பிட்டுத் தடத்தைக் காலி செய்துவிட்டோம்.

நேரம் போனால் மின்சாரம் தீர்ந்து தானாக நிற்கும் என்று முதலில் ஆறுதல் சொல்லிக்கொண்டேன். அப்போதுதான் திரையில் பேட்டரியின் சூட்டைப் பார்த்தேன். அறுபத்தெட்டு டிகிரி. எண்பதைத் தாண்டினால் பேட்டரி தீப்பிடிக்கும். அது அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. அந்த வேகத்தில் குதிக்கவும் முடியாது.

அவரும் அதைக் கணக்குப் போட்டிருப்பார் போல. ஐந்தாம் வளைவில் டயர் அடுக்கில் கொண்டுபோய்ச் சொருகுகிறேன் என்றார். பழைய காலத்து ஓட்டுநர் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார். மோத வேண்டிய இடத்தில், மோத வேண்டிய கோணத்தில் மோதினால் பிழைக்கலாம். நானும் சரி என்றேன். கார் நேர்ப்பாதையில் வந்தது, அடுக்கைப் பார்த்து மூக்கைத் திருப்பியது, உடனே யாரோ காதைப் பிடித்து இழுத்த மாதிரி வளைவுக்குள் திரும்பிப் போய்விட்டது.

"வுட மாட்டேங்குது" என்றார் அவர். மூச்சு வாங்கியது.

அரண்தான். கார் மோதப் பார்க்கிறது என்று கண்டுபிடித்துக் காப்பாற்றிவிட்டது.

அரண் கம்பெனியின் ஆள் நிரஞ்சன் எங்கள் பிட்டிலேயே இருந்தான். சென்னைப் பையன், முப்பது வயசுக்குள். ஒவ்வொரு பயிற்சிக்கும் கணினியோடு வந்து ஓரமாக உட்கார்ந்திருப்பான். நான் அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். பிடித்தது எனக்கே பிறகுதான் தெரிந்தது.

"அதை அணைங்க."

"வண்டி நின்னாதான் அணைக்க முடியும் மேடம். ஓடும்போது டிரைவர்ங்களே அணைச்சிடுறாங்கன்னு அப்படிப் பூட்டச் சொன்னதே நீங்கல்லாம்தான்."

"அது நிக்காது, நிக்காதுன்னுதானே அணைக்கச் சொல்றேன்?"

அவனுக்கும் அது தெரியும். முகம் வெளுத்துப் போயிருந்தது. மோதல் என்றால் அதற்கு ஒரே மோதல்தான், நல்ல மோதல் கெட்ட மோதல் என்று பிரித்துப் பார்க்க அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை என்றான். ஒரு நிமிடம் கண்ணை மூடி யோசித்தான்.

"எல்லா வழியும் அடைஞ்சு போனா மட்டும் மோதறத ஒத்துக்கும் மேடம். கடைசி நிலைன்னு ஒண்ணு இருக்கு. அப்ப சுத்திப் பார்த்து எது மெத்துன்னு தேடும். டிரைவருக்கு எதுல அடி கம்மியோ அதுல கொண்டுபோய் விடும்."

"ஐந்தாம் வளைவை அடைச்சா?"

"டயர் அடுக்குக்குப் போகும். வேற எங்க போகும்?"

கனகராஜ் அண்ணன் அதற்குள் ஓட ஆரம்பித்திருந்தார். கார்களை ஏற்றிவரும் லாரிகள் இரண்டு ஐந்தாம் வளைவுக்குப் பக்கத்தில்தான் நின்றன. ஒரு சுற்றுக்கு ஒன்றரை நிமிடம். கார் கடந்து போனதும் இரண்டையும் வளைவுக்குள் ஓட்டிக் குறுக்கே நிறுத்தினார்கள். நான் கையடக்க ரேடியோவை எடுத்துக்கொண்டு சேலையைத் தூக்கிச் செருகி ஓடினேன், நிரஞ்சன் என் பின்னால். போய்ச் சேர்வதற்குள் கார் மறுபடியும் வந்துவிட்டது. இரண்டாவது லாரிக்கும் உள்பக்கச் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து இருந்தது. மாட்டு வண்டி போகிற அகலம். அரண் அந்தச் சந்தில் காரைக் கச்சிதமாக நுழைத்து எடுத்துப் போனது. எந்த மனுஷனாலும் அப்படி ஓட்ட முடியாது. வேறொரு நாளாக இருந்தால் அதற்கும் கைதட்டியிருப்போம்.

சூடு எவ்வளவு என்று பிட்டில் கேட்டேன். எழுபத்தாறு என்றார்கள்.

அந்தச் சந்தை அடைக்க எதுவும் இல்லை. லாரியை நகர்த்தினால் அந்தப் பக்கம் திறக்கும். மற்ற வண்டிகள் எல்லாம் தடத்துக்கு அந்தப்புறம். பழைய நாளாக இருந்தால் வளைவுக்கு நூறு டயர் கிடந்திருக்கும், உருட்டிவிட்டிருக்கலாம். இப்போது கிடந்தது பார்வையாளர்களுக்கான பிளாஸ்டிக் நாற்காலிகள். கனகராஜ் அண்ணன் அவற்றை வீசிப் பார்த்தார். காற்று எடுத்துக்கொண்டு போனது. அவர் அப்படியே உட்கார்ந்து வாயில் வந்தபடி திட்டினார். யாரைத் திட்டினார் என்று எனக்குத் தெரியவில்லை.

நிரஞ்சன்தான் நடந்து போய் அந்தச் சந்தின் நடுவில் நின்றான்.

"மனுஷன் மேல ஏத்தாது மேடம். அது ஒண்ணு மட்டும் நிச்சயம்."

எங்கள் எல்லோருக்கும் அந்த வெள்ளைச் சட்டை ஞாபகம் வந்திருக்க வேண்டும். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. கனகராஜ் அண்ணன் எழுந்து அவன் பக்கத்தில் நின்றார். லாரி ஓட்டிவந்த இரண்டு மெக்கானிக்குகள் நின்றார்கள். நான் சுவர்ப்பக்கம், நிரஞ்சனை ஒட்டி நின்றேன். ஐந்து பேர் கை கோத்ததும் சந்து சரியாக அடைபட்டது. நீ போம்மா, புள்ள இருக்குது என்றார் அண்ணன். உங்களுக்கு மட்டும் இல்லையா என்றேன். என் மகள் அந்நேரம் பொள்ளாச்சியில் என் தங்கை வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். அப்பாவையும் அம்மாவையும் ஒரே மதியத்தில் அவளிடமிருந்து பறிக்கப் பார்க்கிறேனே என்று தோன்றியது. ஆனாலும் கால் நகரவில்லை. அவர் உள்ளே வெந்து சாவதைத் தள்ளி நின்று பார்க்க என்னால் முடியாது, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

ரேடியோவில் சொன்னேன். "பதினொன்று, சந்தை அடைச்சாச்சு. நேரா வாங்க. அதுவே டயர்ல கொண்டுபோய் விடும்."

"எத வெச்சு அடைச்சீங்க?"

நான் பதில் சொல்லவில்லை. அவர் இன்னொரு தடவை கேட்டார். அதற்கும் சொல்லவில்லை. முதுகு சுடுகிறது என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார், அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

கார் நேர்ப்பாதையின் கோடியில் தெரிந்தது. பின்னால் சாம்பல் நிறப் புகை. நிரஞ்சனின் கை என் கைக்குள் வழவழவென்று வியர்த்திருந்தது. ரேடியோவைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கையை எடுங்க, கையை எடுங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில் ஊரே கேட்டாலும் கேட்கட்டும் என்று ஆகிவிட்டது.

"மாமா, கையை எடுங்க."

காரின் மூக்கு லேசாக எங்கள் பக்கம் வந்தது. தலையை ஆட்டுகிற மாதிரி ஒரு நடுக்கம். பிறகு சடாரென்று வெளியே திரும்பி, சரளையை வாரி இறைத்துக்கொண்டு டயர் அடுக்கில் போய் விழுந்தது. சத்தம் வயிற்றுக்குள் கேட்டது. போன பூஜைக்கு வைத்த குங்குமம் அழியாத டயர் ஒன்று எங்கள் காலடி வரை உருண்டு வந்தது.

மோதிய அடியில் கார் இரண்டாகப் பிளந்து மோட்டார் நின்றது. பேட்டரி பற்றுவதற்குள் கனகராஜ் அண்ணன் பெல்ட்டை அறுத்து அவரை வெளியே இழுத்துவிட்டார். நுரை அடித்தார்கள். பிறகு தீ பிடித்து எரிந்தது, ஆனால் வெறும் காராகத்தான் எரிந்தது. அவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். சரளையில் உட்கார்ந்து, அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, எரிகிற அந்தக் கறுப்புப் பெட்டியைப் பார்த்து நான் கும்பிட்டேன். அரணே, நீ நல்லா இரு என்று வாய்விட்டே சொன்னேன். நிரஞ்சன் பக்கத்தில் நின்று விம்மி விம்மி அழுதான்.

கோவையில் ஆஸ்பத்திரி. முதுகெலும்பு தப்பியது, கழுத்து தப்பியது, கால்கள் தப்பின. கைகள்தான் போயின. இரண்டு மணிக்கட்டும் நொறுங்கிவிட்டன. இடது கட்டைவிரலை எடுத்துவிட்டார்கள். வலது கட்டைவிரல் இருக்கிறது, மடங்காது. டாக்டர் இதற்கு முன்பும் ரேஸ்காரர்களைப் பார்த்தவர். இவர்கள் எல்லாம் கையை எடுத்துவிடுவார்களே, இவர் ஏன் பிடித்துக்கொண்டிருந்தார் என்று என்னைக் கேட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. உயிர் தப்பியதற்குச் சந்தோஷப்படாமல் கோபப்பட்டேன். அவருக்கு நினைவு தெளிந்ததும் முதல் பேச்சே சண்டைதான். எத்தனை தடவை கத்தினேன், காது அடைத்துவிட்டதா, பொருட்காட்சியில் பொம்மைக் காருக்கு எடுக்கத் தெரிகிற கை இங்கே எங்கே போனது என்று கேட்டேன். அவர் கட்டுப் போட்ட இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மறந்துட்டன் புள்ள" என்றார்.

மறுநாள் சாயங்காலம் நிரஞ்சன் வந்தான். உள்ளே வரவில்லை. வராந்தாவில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டான். தூங்காத கண். மேடம் என்று கூப்பிடுகிறவன் அன்றைக்கு அக்கா என்றான். எரிந்த பெட்டியிலிருந்து அந்தக் கடைசி நொடிகளை எடுத்துப் பார்த்தார்களாம்.

"அது உங்க பக்கம்தான் திரும்புச்சுக்கா."

எனக்குப் புரியவில்லை. மனுஷன் மேல் ஏற்றாது என்றாயே என்றேன்.

"வேற வழி இருந்தா ஏத்தாது. எல்லா டெஸ்ட்லயும் வேற வழி இருந்துச்சு. எங்க எம்.டி. நின்னப்பவும் ரெண்டு பக்கமும் ரோடு காலியாதான் இருந்துச்சு. வழியே இல்லாத இடத்துல யாரும் ஆளை நிறுத்திப் பார்க்கல. கடைசி நிலையில எது மெத்துன்னு மட்டும்தான்கா அது கேக்கும்." அவன் நிறுத்தினான். "டயரை விட மனுஷன் மெத்து."

வராந்தாவில் யாரோ டிபன் கேரியரைத் திறந்தார்கள். சாம்பார் வாசனை வந்தது.

அப்படியானால் யார் திருப்பியது என்று நான் கேட்கவில்லை. அவனாகவே சொன்னான். அரணின் பிடியை மனுஷக் கை ஜெயிக்க முடியாது, ஆனால் கடைசி நிலையில் மட்டும் அந்தப் பிடியைக் குறைத்து வைத்திருந்தார்களாம். அந்த நேரத்தில் ஸ்டியரிங்கில் யாருடைய கையும் இருக்காது என்பதுதான் காரணம். எத்தனையோ விபத்துகளை அதற்குக் காட்டிப் பழக்கினார்கள், ஒன்றில்கூட ஓட்டுநர் கையை வைத்திருக்கவில்லை. எதிர்க்கிற கையே இல்லாத இடத்தில் பலம் எதற்கு?

"அவர் ஒருத்தர்தான்கா வெச்சிருந்தார். அது இழுக்குது, இவர் திருப்புறார். டயர்ல மோதி நிக்கிற வரைக்கும் விடல. விட்டிருந்தா அவருக்குச் சின்ன அடியோட போயிருக்கும்."

நாங்கள் ஐந்து பேரும் போயிருப்போம்.

கம்பெனி வேறு கதையைத் தயார் செய்திருந்தது. பிரேக் போன காரை ஐந்து உயிர்களுக்குப் பாதகமில்லாமல் அரண் டயர் அடுக்கில் சேர்த்தது என்று அறிக்கை போய்விட்டதாம். ஞாயிற்றுக்கிழமை கோவையில் அரண் பொருத்திய டவுன் பஸ்களைத் தொடங்கி வைக்கிறார்கள். முதலாளி மறுபடியும் வெள்ளைச் சட்டையோடு பஸ்ஸுக்கு முன்னால் நிற்பார். எங்களுக்கு முன்வரிசையில் இடம். டவுன் பஸ் போகிற தெருவில் எந்தப் பக்கம் வழி காலியாக இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். ஒப்பணக்கார வீதியில் சாயங்கால நேரத்தில் ஒரு சைக்கிள் திரும்ப இடமிருக்காது.

நீ போய் உண்மையைச் சொல் என்றேன். சொன்னால் வேலை போகும், பொய் சொல்கிறான் என்று வழக்கும் போடுவார்கள், தனியாக நிற்கப் பயமாக இருக்கிறது என்றான். அந்தச் சந்தில் முதல் ஆளாகப் போய் நின்றவன் அவன். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அனுப்பிவிட்டு உள்ளே வந்தேன்.

சாப்பாட்டு நேரம். ரசம் சாதத்தைப் பிசைந்து அவருக்கு ஊட்டினேன். இனி ரொம்ப நாளைக்கு இப்படித்தான். கரண்டியைப் பிடிக்க மாட்டார், சட்டைப் பொத்தான் போட மாட்டார், மகளைத் தூக்க மாட்டார். ரேஸ் என்ற பேச்சே இல்லை. அவர் சமர்த்தாக வாயைத் திறந்து வாங்கிக்கொண்டிருந்தார்.

"மாமா, என்னப் பாத்தீங்ளா அங்க?"

"அந்த வேகத்துல யாரத் தெரியும்?" என்றார். மென்று விழுங்கினார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஸ்டியரிங்கு அந்தப் பக்கம் போச்சு. பச்சையா ஒண்ணு தெரிஞ்சுது."

நான் அடுத்த வாய் எடுத்தேன். பாதி அவர் சட்டையில் விழுந்தது. கட்டுப் போட்ட கையால் என் முழங்கையை லேசாக இடித்தார், ஊட்டு என்கிற மாதிரி.

அந்தச் சேலையில் கரியும் நுரையும் அப்படியே காய்ந்து கிடக்கின்றன. முந்தானையில் அவர் ரத்தம். துவைக்கப் போடுவதற்கு எடுத்து வைத்த தங்கையிடமிருந்து இப்போதுதான் திரும்ப வாங்கினேன். நிரஞ்சனுக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்கு வந்துவிடு, சேர்ந்தே போய்ச் சொல்லலாம் என்று சொல்லியிருக்கிறேன். முன்வரிசையில் எங்களுக்கு இடம் இருக்கிறது, அந்தச் சேலையைத்தான் கட்டிக்கொண்டு போகப்போகிறேன்.